நீருக்குள் ஒரு காமிரா



தாமிரபரணிக் கரையிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆற்றைப் பற்றி மற்றொருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. பொதிகை மலையிலே தோன்றி, பாணதீர்த்தத்திலே அருவியாய் வீழ்ந்து, பாபநாசத்திலே மலையைவிட்டு இறங்கி, எட்டு அணைக்கட்டுகளிலே வயல்களுக்கு நீரைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, சுமார் 128 கிலோமீட்டர் கடந்து, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவிலே கலக்கிறது. இதிலே நீந்திப் பழகாத பிள்ளைகள் நம் கரையூர்களில் அரியர். ஆயினும், நாம் அறிந்த தாமிரபரணி நீரின் மேற்புறமே ஆகும். படித்துறையில் நின்று பார்க்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவன வானத்தின் நிழலும் மருத மரங்களின் நிழலுந்தான். அந்த நிழல்களுக்குக் கீழே நான்கடி ஆழத்தில் நடப்பது என்ன என்பதை நம்மில் மிகச் சிலரே கண்டிருக்கிறோம்.

இக்காலத்திலே அதைக் காண்பதற்கும், கண்டதைப் படமாக்கிப் பிறருக்குக் காட்டுவதற்கும் ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சிறிய காமிராக்களில் சில, மேலுறை எதுவுமின்றி 15 மீட்டர் ஆழம் வரை நீரில் இறங்கத் தக்கனவாகச் செய்யப்படுகின்றன. ஒலிம்பஸ் நிறுவனத்தார் தொடங்கிய டிஜி வரிசை இவ்வகையிற் பெயர் பெற்றது. 2023ஆம் ஆண்டில் ஓ.எம். சிஸ்டம் என்னும் பெயரோடு அதன் டிஜி-7 வெளிவந்தது. இத்தகைய காமிரா ஒன்றை வைத்திருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், விலங்கியல் பயில்பவர், அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஆற்றுக்குள் நான் எடுத்த படங்கள் மங்கலாக இருக்கின்றன, ஐயா. இதை விற்றுவிட்டு, சேர்த்து வைத்திருக்கும் பணத்தையும் போட்டுப் பெரிய காமிரா ஒன்று வாங்கலாமா?" என்பது அவர் கேள்வி. சேர்த்து வைத்த பணம் என்பது அவருடைய இரண்டாண்டு உதவித்தொகையின் மிச்சம். ஆகவே, விளையாட்டாக விடை சொல்லத்தக்க கேள்வி அன்று அது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இக்கேள்வியே.

காமிராவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் நீரைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். நிலத்திலே படமெடுக்கும்போது நமக்கும் பொருளுக்கும் இடையே இருப்பது காற்று. காற்று பெரும்பாலும் ஒளிக்கு இடையூறு செய்வதில்லை. நீர் அப்படிப்பட்டதன்று; அது ஒளியை வளைக்கும், விழுங்கும், சிதறடிக்கும். இம்மூன்றில் எது நம் படத்தைக் கெடுத்தது என்று அறியாமல் கடைக்குப் போகிறவர், நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்குகிறவரை ஒப்பவர்.

வளைப்பதை முதலிற் காண்போம். நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. கரையில் நின்று பார்க்கும்போது நான்கடி ஆழமுள்ள இடம் மூன்றடியாகத் தோன்றுவதும், அதை நம்பி இறங்கிய சிறுவன் திடுக்கிடுவதும் இதனாலேதான். முகத்திலே கண்ணாடி அணிந்து நீருக்குள் மூழ்கியவருக்கும் இந்த மயக்கம் உண்டு. நான்கடி தூரத்தில் இருக்கும் மீன் அவருக்கு மூன்றடியில் இருப்பதாகத் தோன்றும். அருகே வந்துவிட்டோம் என்று எண்ணி அவர் பொத்தானை அழுத்திவிடுகிறார். உண்மையில் அவர் அருகே வரவில்லை. தட்டையான கண்ணாடி வழியாகப் பார்க்கும் காமிராவும் இப்படியே தன் பார்வையிற் குறுகிவிடுகிறது. நிலத்தில் 25 மில்லிமீட்டர் லென்ஸின் அகலத்தைக் காட்டுவது, நீருக்குள் 33 மில்லிமீட்டர் லென்ஸின் அகலத்தையே காட்டும். ஆகவே ஒரு மீனை முழுதும் அடக்கவேண்டுமானால் பின்வாங்க நேரிடுகிறது; பின்வாங்கினால் நடுவில் நீர் கூடிவிடுகிறது.

இரண்டாவது, விழுங்குதல். வண்ணங்களிலே சிவப்பைத்தான் நீர் முதலிற் கொள்ளை கொள்கிறது. ஐந்தாறு மீட்டர் நீரைக் கடந்த ஒளியிலே சிவப்பு பெரும்பாலும் போய்விடும். இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கணக்கிடவேண்டியது ஆழம் மட்டுமன்று. மேற்பரப்பிலிருந்து பொருள் வரை மூன்று மீட்டர், பொருளிலிருந்து காமிரா வரை இரண்டு மீட்டர் என்றால், ஒளி கடந்த நீர் ஐந்து மீட்டர் ஆகிறது. ஆழத்தை நாம் குறைக்க முடியாது. தூரத்தைக் குறைக்க முடியும்.

மூன்றாவதாகிய சிதறல்தான் நம் ஆற்றிலும் நம் கடலிலும் பெரும்பகை. வண்டலும் பாசித்துகளும் மிதக்கும் நீரிலே, காமிராவோடு ஒட்டிய சிறு பிளாஷ் விளக்கை எரியவிட்டால், படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் பனி பெய்தாற்போல் விழும். மலைச்சாலையிலே மூடுபனியில் பேருந்தின் முன்விளக்கை முழு ஒளியில் எரித்தால், சாலை தெரியாமல் வெள்ளைச் சுவர் ஒன்று எதிரே எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒன்றே. விளக்கு கண்ணுக்கு அருகில் இருக்கும்வரை இந்தச் சுவர் எழுந்தே தீரும்.

இந்த மூன்று இடையூறுகளும் நீருக்குள் படமெடுக்கத் தொடங்கிய முதல்வர்களுக்கே தெரிந்திருந்தன. பிரான்சு நாட்டின் தென்கோடியில் பான்யூல் என்னும் கடற்கரை ஊரிலே, 1893ஆம் ஆண்டில், லூயி பூத்தான் என்னும் உயிரியலறிஞர் கடலுக்குள் படமெடுத்தார். அவருக்காகக் காமிராப் பெட்டியை வடிவமைத்தவர் அவருடைய உடன்பிறந்தார். சூரிய ஒளியை மட்டும் நம்பி அவர் எடுத்த சில படங்களுக்கு அரைமணி நேரம் வரை காமிராவைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் எந்த மீன் அசையாமல் நிற்கும்? பூத்தான் பெரிய காமிராவைத் தேடிப் போகவில்லை. ஒளியைத் தேடிப் போனார். பிராணவாயு நிரப்பிய பீப்பாயின்மேல் ஒரு சாராய விளக்கை ஏற்றி, அதன் சுடரிலே மக்னீசியப் பொடியை ஊதி எரியச் செய்தார். 1926இல் அமெரிக்காவின் பிளாரிடாக் கடலிலே லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர் நீருக்குள் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோதும், நீர்மேல் ஒரு மிதவையிலே மக்னீசியப் பொடியை வெடித்து எரித்தே ஒளி பெற்றார்கள். நீருக்குள் படமெடுப்பதன் வரலாற்றைப் படிக்கின்றவருக்கு அது காமிராவின் வரலாறாகத் தோன்றுவதைக்காட்டிலும் விளக்கின் வரலாறாகவே தோன்றும்.

கையிலே எடுத்துச் செல்லத்தக்க, தனியே பெட்டி வேண்டாத நீர்க்காமிரா பிற்காலத்தில் வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் தெ வூத்தர் என்னும் பொறியியலறிஞர், கடலாய்வாளர் கூஸ்தோவுக்காக அமைத்த கலிப்ஸோ என்னும் காமிராவை ஜப்பானின் நிக்கான் நிறுவனத்தார் ஏற்று, 1963இல் நிக்கானாஸ் என்ற பெயரால் வெளியிட்டார்கள். 2001ஆம் ஆண்டு வரை அவ்வரிசை நீடித்தது. அதில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். நீருக்குள் சுருளை மாற்ற வழியில்லை. 36 படங்களோடு இறங்கியவர் ஒவ்வொன்றையும் எண்ணி எடுத்தார். இன்று நாம் ஒரு முழுக்கிலே முந்நூறு எடுத்து, வீட்டுக்கு வந்து ஒன்றும் தேறவில்லை என்று வருந்துகிறோம்.

நமக்கு மிக அருகிலும் இக்கலை வளர்ந்திருக்கிறது. எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும், படக்கலைஞர் மைக் வில்சனும் 1956இல் இலங்கைக்கு வந்து, அந்நாட்டின் முக்குளிப்பாளர் ராட்னி ஜாங்க்லாஸ் என்பவரோடு கூடி, அங்குள்ள பவளப் பாறைகளிலே மூழ்கினார்கள். அதன் பயனாகக் கிளார்க் எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது. அதன் பெயர் 'தப்ரபேனின் பவளப் பாறைகள்' என்று பொருள்படும். தப்ரபேன் என்பது கிரேக்கர் இலங்கைக்கு வழங்கிய பெயர். தம்பபண்ணி என்னும் பழம்பெயரின் திரிபு. தம்பபண்ணியும் தாமிரபரணியும் ஒரே சொல். ஆக, இந்துமாக்கடலின் அடியைக் காட்டிய புகழ்பெற்ற நூல் ஒன்று நம் ஆற்றின் பெயரைத் தலையிற் சுமந்துகொண்டு உலகம் சுற்றியது. மைக் வில்சன் 1961இல் சிறுவர் இருவரை வைத்து நீருக்குள் திரைப்படம் எடுத்துக்கொண்டிருந்த போதுதான், தெற்கேயுள்ள கிரேட் பாஸஸ் பாறையில் மூழ்கிய கப்பலொன்றின் வெள்ளி நாணயங்கள் அகப்பட்டன. அவை ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள்.

நம் கரையிலே தூத்துக்குடி இருக்கிறது. கொற்கை முத்தின் பெருமையை நான் விரிக்கப் போவதில்லை. பள்ளிப் புத்தகங்கள் அதைப் போதுமான அளவு விரித்திருக்கின்றன. 1960களில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நாகப்பன் நாயர், மகாதேவன் என்னும் இரு அறிஞர்கள் மூச்சுக்கலம் பூண்டு முத்துப் பார்களிலும் சங்குப் பார்களிலும் தாமே மூழ்கி, கண்டவற்றை எழுதிவைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வலையிலே வாரி மேலே கொண்டுவந்து பார்ப்பதற்கும், இருக்குமிடத்திலே சென்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். காமிராவும் அந்த வேறுபாட்டுக்காகவே நமக்கு வேண்டியிருக்கிறது.

இனி, மாணவரின் கேள்விக்கு வருவோம். பெரிய காமிரா என்றால் எது பெரியது? உள்ளே ஒளியை ஏற்கும் சென்ஸார் என்னும் தகடே பெரியது. டிஜி போன்ற சிறு காமிராவிலே அத்தகட்டின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். 2012இல் சோனி நிறுவனம் கொண்டுவந்த ஆர்.எக்ஸ். 100 வகையிலே அது 116 சதுர மில்லிமீட்டர். வணிகர் இதனை ஓரங்குலத் தகடு என்பர். அளந்து பார்த்தால் எப்பக்கமும் ஓரங்குலம் இராது. அது அவர்கள் வழக்கம். லென்ஸை மாற்றிப் பொருத்தத்தக்க மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையிலே 225 சதுர மில்லிமீட்டர். பரப்பு கூடினால் ஏற்கும் ஒளி கூடும்; ஒளி குன்றிய இடத்தில் படத்திலே மணல் தூவியது போன்ற இரைச்சல் குறையும். இது மறுக்க முடியாத நன்மை.

ஆனால், இந்த நன்மை எந்த இடத்தில் பயன்படும், எந்த இடத்தில் பயன்படாது என்பதைப் பார்க்கவேண்டும். சிறு மீனை மிக அருகிலே படமெடுக்கும்போது, பெரிய தகட்டில் தெளிவின் ஆழம் குறைந்துவிடுகிறது. கண் தெளிவாக இருந்தால் வால் கலங்கிவிடும். இரண்டும் தெளிய வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால், பெரிய தகடு கூடுதலாக ஏற்றிருக்க வேண்டிய ஒளி வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஒரு கையால் வாங்கியதை மறு கையால் திருப்பிக் கொடுத்ததாக முடிகிறது. தனி விளக்கு வைத்துப் படமெடுப்பவருக்கோ ஒளிப்பஞ்சமே இல்லை. சிறு தகடும் அவருக்கு நிறைவாகவே வேலை செய்யும். டிஜி வகையிலே லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்துப் பொருளையும் தெளிவாகக் காட்டும் அமைப்பு ஒன்று உண்டு. பெருங்காமிராவுக்கு அதற்கென்றே தனி லென்ஸ் வாங்கவேண்டும்.

செலவைப் பற்றியும் மறைக்காமற் சொல்லவேண்டும். பெருங்காமிரா தானாக நீருக்குள் இறங்காது. அதற்கு நீர்புகாப் பெட்டி வேண்டும். கடைக்காரர் அதை ஹவுசிங் என்பர். அந்தப் பெட்டியின் விலை காமிராவின் விலையை எட்டுவதும், சில வேளை மிஞ்சுவதும் உண்டு. ஒவ்வொரு லென்ஸுக்கும் முன்னே பொருத்தும் கண்ணாடிக் குமிழ் வேறு. அதற்குமேல் விளக்குகளும் அவற்றைத் தாங்கும் கைகளும் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, அந்தப் பெட்டி அந்த ஒரு காமிராவுக்கே பொருந்தும். மூன்றாண்டு கழித்துக் காமிரா பழுதாகி, அதே மாதிரி கடையில் கிடைக்கவில்லை என்றால், பெட்டி அலமாரியில் வைக்கும் பொருளாகிவிடும். காமிராவை மாற்றுவதாக எண்ணித் தொடங்கியவர் முழுக் குடித்தனத்தையே மாற்றிக்கொண்டிருப்பார். உதவித்தொகையிலே மிச்சம் பிடிக்கும் மாணவர் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்ப்பது நலம்.

நான் அந்த மாணவரிடம் விடை சொல்லவில்லை. அவர் எடுத்த படங்களைக் கேட்டேன். இருநூறு படங்கள் கொண்டுவந்தார். தேறாத படங்களை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் தேறவில்லை என்று அவரையே எழுதச் சொன்னேன். ஒரு மாலைப்பொழுது அதில் கழிந்தது. பெரும்பாலான படங்களிலே மீன் மிகத் தொலைவில் இருந்தது. அடுத்தபடியாக மிகுந்தவை, எடுப்பவரின் உடல் நீரோட்டத்தில் ஆடியதால் கலங்கியவை. பிறகு, பிளாஷ் விளக்கால் வெண்புள்ளி விழுந்தவை. கால் துடுப்பு அடித்து வண்டல் கிளம்பியவையும் அவற்றோடு சேர்ந்தன. ஒளி குன்றி இரைச்சல் ஏறியது என்று உண்மையாகவே சொல்லத்தக்கவை சிலவே. தகடு பெரிதானால் நீங்கும் குறை அச்சில படங்களில் மட்டுமே இருந்தது. மற்றவற்றிலே இருந்த குறைகளைப் பெருங்காமிரா இன்னும் கூர்மையாகக் காட்டியிருக்கும்.

ஆகவே என் கருத்து இது. ஆற்றிலே படமெடுப்பவர் இப்போது காமிராவை மாற்ற வேண்டியதில்லை. தாமிரபரணியின் மேற்பகுதியில் நாம் நின்று எடுக்கும் இடங்களின் ஆழம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர். அங்கே சிவப்பு வண்ணம் அதிகமாகப் போய்விடுவதில்லை. பகல் பத்து மணி முதல் இரண்டு மணி வரை வெயில் செங்குத்தாக இறங்குகையில் அதுவே சிறந்த விளக்கு. உள்ளே இருக்கும் பிளாஷை அணைத்துவிட வேண்டும். காமிராவிலே ரா என்னும் மூலப்பதிவு வசதி இருக்குமானால் அதைப் பயன்படுத்தவேண்டும். பசுமை படிந்த நிறத்தைப் பின்னர் திருத்த அது இடங்கொடுக்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஆறு செந்நீராய் ஓடும்போது எந்தக் காமிராவும் உதவாது. அந்நாட்களில் காமிராவை வீட்டிலே வைத்துவிட்டு, பழைய படங்களுக்குக் குறிப்பு எழுதலாம்.

கடலுக்குச் செல்பவரின் நிலை சற்று வேறு. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை பரந்துள்ள 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப் பாறைகள் பெரும்பாலும் ஆழங்குறைந்த இடத்திலேயே உள்ளன. ஆனால் நீர் தெளிவாக இருக்கும் நாட்கள் குறைவு. இங்கே இரண்டு பொருள்கள் பயன் தரும். ஒன்று, நீருக்குள்ளேயே முன்புறம் மாட்டிக் கழற்றத்தக்க அகலக் கோண லென்ஸ். குறுகிப்போன பார்வையை அது திரும்ப அகலப்படுத்துவதால், பொருளை ஒட்டி நின்றே அதை முழுதும் அடக்கலாம். நடுவிலுள்ள கலங்கல் நீர் குறையும். மற்றொன்று, ஸ்ட்ரோப் என்னும் வெளிவிளக்கு. அதனைக் காமிராவிலிருந்து ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால், இடையிலுள்ள துகள்கள் ஒளி பெறா. நான் முன்பு சொன்ன வெள்ளைச் சுவர் எழாது. இவ்விரண்டையும் வாங்கினாலும் காமிரா பழையதே. பிற்காலத்தில் காமிராவை மாற்றினால், விளக்கு புதியதோடும் பெரும்பாலும் ஒத்துழைக்கும். பணம் போட்டால் நிலைத்து நிற்கும் இடம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

பெரிய காமிரா யாருக்குத்தான் வேண்டும் என்று கேட்பீர்கள். நிழல் அடர்ந்த ஓடையிலே விளக்கில்லாமல், விரைந்து திரியும் மீன் கூட்டத்தைப் படமெடுக்க விரும்புகிறவருக்கு அது வேண்டும். அங்கே தகட்டின் பரப்பும், குவியத்தை விரைந்து பிடிக்கும் ஆற்றலும் உண்மையாகவே துணைசெய்யும். ஆளுயரச் சுவரொட்டியாகப் படத்தைப் பெருக்க வேண்டியவருக்கும் வேண்டும். தம் தேறாத படங்களை ஆராய்ந்து, 'இதில் என் பிழை ஏதுமில்லை; கருவிதான் இதற்குமேல் செல்லவில்லை' என்று படத்துக்குப் படம் காட்டக் கூடியவர் தயங்காமல் வாங்கலாம்.

இத்தனை கணக்கும் எதற்காக? அழகிய படம் சுவரில் மாட்டுவதற்கு மட்டுமாயின் நான் வானொலி நேரத்தை இதற்குச் செலவிட்டிருக்க மாட்டேன். நம் ஆற்றிலே, இந்த ஆற்றின் பெயரையே தாங்கிய மீன் ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டில் சைலஸ் என்னும் மீனியல் அறிஞர் அதனை விவரித்து, 'தாம்பிரபர்ணியை' என்று பெயரிட்டார். கெண்டை இனத்தைச் சேர்ந்த சிறு மீன் அது. உடலிலே கரிய திட்டுகள். வளர்ந்த ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூல் நூலாக நீண்டிருக்கும். 2012இல் இலங்கை ஆய்வாளர்கள் அதனையும் அதன் உறவினங்களையும் டாக்கின்சியா என்னும் புதிய பேரினத்துள் சேர்த்தார்கள். தாமிரபரணிக்கே உரிய இம்மீன் இன்று அழியும் அபாயத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. கடல் கடந்த நாடுகளில் கண்ணாடித் தொட்டியிலே இதனை வளர்த்து மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். இதன் சொந்த ஆற்றங்கரையில் வாழும் நாமோ, இதைக் கண்டால் இன்னதென்று சொல்லமாட்டோம்.

தொட்டியில் எடுத்த படம் அந்த மீனின் உருவத்தைக் காட்டும். ஆற்றில் எடுத்த படம் அது எந்தக் கல்லின் அருகே மேய்கிறது, எத்தனை மீன்கள் கூடித் திரிகின்றன, எந்த மாதத்திலே ஆண் மீன் நிறம் ஏறுகிறது என்பவற்றைக் காட்டும். நாள், இடம், நீரின் ஆழம் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டிலே எழுதிவைத்தால், சிறு காமிராவிலே எடுத்த மங்கலான படமும் ஆராய்ச்சிக்கு உதவும். குறிப்பில்லாத படம் எவ்வளவு கூர்மையானதாயினும் அழகு என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விடுவார்கள். கடலிலும் இவ்வாறே. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 2010ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் கடல்நீரின் வெப்பம் மிகுந்து வெளுத்துப்போயின. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இத்தகைய மாறுதல்களை நீருக்குள் இறங்கித் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். பவளம் உண்மையில் வெளுத்ததா, நீரின் நிறத்தால் வெளுத்ததுபோல் தோன்றுகிறதா என்பதைப் படம் சொல்லவேண்டுமானால், பக்கத்திலே சாம்பல் நிறப் பலகை ஒன்றை வைத்து எடுத்தாற் போதும். அந்தப் பலகையின் விலை சொற்பம்.

பாபநாசம் கோயிற் படித்துறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்தர்கள் பொரி இட, பெரிய பெரிய மீன்கள் கூட்டமாக வந்து மேலெழும்பி வாங்கிக்கொள்ளும் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே எவரும் அவற்றைப் பிடிப்பதில்லையாதலால் மனிதரைக் கண்டு அவை அஞ்சுவதில்லை. அருகே சென்று படமெடுக்கப் பழகுவதற்கு அதைப்போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை. நீருக்குள்ளிருந்து மேல்நோக்கிக் காமிராவைத் திருப்பினால், வானமும் கரையும் படியில் நிற்போரும் ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிவதைக் காணலாம்; மீனின் கண்ணுக்கு உலகம் அப்படித்தான். அதே இடத்தில் காமிராவைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். பரிகாரம் என்று சொல்லி நாம் ஆற்றிலே விட்டுப்போன துணிகள் கல்லிடுக்குகளில் சிக்கி ஆடிக்கொண்டிருக்கும். மேலே நின்று நீராடுபவர் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. அந்தப் படத்தை எடுத்து ஊரார்க்குக் காட்டுவதற்குச் சிறு காமிரா தாராளமாகப் போதும்.

பழகுவதற்கு ஆற்றுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தக் கற்ற கிணறு நம் ஊர்தோறும் உண்டு. அதன் படியிலே ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் மஞ்சளும் சிவப்பும் கலந்த பொருள் ஒன்றை வைத்து, இரண்டடியில், ஓரடியில், அரையடியில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் படம் எவ்வளவு தெளிகிறது என்பதை உங்கள் கண்ணே கூறும். மூச்சை அடக்கி அசையாமல் நிற்கும் பழக்கமும் அங்கேதான் வரும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தனியே இறங்காதீர்கள். பாபநாசத்துக்கு மேலே மின்நிலையம் இருக்கிறது; நீர் திறந்துவிடப்படும்போது ஆற்றின் மட்டம் எதிர்பாராமல் உயரும். முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்து மீனையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது. கரையில் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாபநாசத்துக்கு மேற்பட்ட காடு 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வளைகுடாத் தீவுகளோ 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன. இரண்டிடத்திலும் வனத்துறையாரின் அனுமதி பெற்றே செல்லவேண்டும். கல்லூரி வழியாகக் கேட்பது எளிது. படத்துக்காகக் கல்லைப் புரட்டுவதும், பவளத்தின்மேல் கால் ஊன்றுவதும் கூடா.

காமிராவைக் காக்கும் முறையையும் சொல்லி முடிக்கிறேன். 15 மீட்டர் என்று எழுதியிருப்பது அசையாத நீரின் அழுத்தத்தைக் குறித்தது. காமிராவைக் கையிற் பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து குதித்தால் அந்தக் கணக்குச் செல்லாது. முதலில் நாம் இறங்கி, பிறகு கரையில் நிற்பவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் கிடந்தாலும் நீர் நுழைந்துவிடும். இறங்குவதற்குமுன் உலர்ந்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மூடுங்கள். ஆற்றிலிருந்து கொண்டுவந்தால் மணலைக் கழுவினாற் போதும். கடலிலிருந்து கொண்டுவந்தால், உப்பு உலர்ந்து இறுகுவதற்குள் நல்ல தண்ணீர் நிறைந்த வாளியிலே அரைமணி நேரம் ஊறவிட்டு, பொத்தான்களை நீருக்குள்ளேயே பலமுறை அழுத்தி எடுக்கவேண்டும். தூத்துக்குடியிலே அதற்காகக் குழாயைத் திறந்தால் வருவதும் தாமிரபரணித் தண்ணீர்தான்.